படுக்க இடம் கொடுத்தவர்கள்

ஐயாவின் நினைவு நாளில் ஆற்றிய உரை, அச்சுக்காகச் சற்று விரித்து எழுதப்பட்டது.



ஐயா மறைந்த பிறகு நாம் கூடும் இந்த நாளில், அவர் அடிக்கடி கேட்ட ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு பேசலாம் என்று மன்றத்தில் முடிவு செய்தோம். ஊரை விட்டுக் கிளம்பி, மொழி தெரியாத பெருநகரம் போய், தன் கலையை மறுபடி முதலிலிருந்து தொடங்கி வென்ற ஒருவரைப் பற்றி யாராவது மேடையில் உருக்கமாகப் பேசினால், ஐயா முன்வரிசையிலிருந்தே கேட்டுவிடுவார்: “அது சரி தம்பி, போன அன்னிக்கு ராத்திரி எங்க படுத்தாரு?” கூட்டம் சிரிக்கும். ஐயா சிரிக்கமாட்டார்.

சிரிக்கிற விஷயமில்லை என்பது நமக்குத் தெரியும். கையில் சில ரூபாய், தோளில் ஒரு பை, மனசு நிறையக் கனவு என்று தொடங்கும் கதைகளைத் திரைத்துறையும் பத்திரிகைகளும் நமக்கு நிறையச் சொல்லியிருக்கின்றன. அந்தக் கதைகளில் நடுவே ஒரு வரி வரும்: ‘தெரிந்தவர் ஒருவர் அறையில் தங்கினார்.’ அந்த ஒரு வரியைத் தாண்டிக் கதை வேகமாக ஓடிவிடும். அந்தத் தெரிந்தவர் யார், அவர் என்ன சாதி, வீட்டுக்காரர் என்ன கேட்டார், தண்ணீர்க் குடம் எங்கே இருந்தது என்பதெல்லாம் வரலாறாக எழுதப்படுவதில்லை. சமூகவியல் படித்தவர்கள் இடப்பெயர்வைப் பற்றிப் பேசும்போது ‘தள்ளும் காரணிகள், இழுக்கும் காரணிகள்’ என்பார்கள். பஞ்சம் தள்ளுகிறது, வேலை இழுக்கிறது. தள்ளப்பட்டு இழுக்கப்பட்டு வந்தவனை உள்ளே விடுவது யார் என்பதற்கு அந்தப் பாடத்தில் இடம் குறைவு. இன்று நாம் அந்த இடத்தில்தான் நின்று பேசப்போகிறோம்.

பாபாசாகேப்பிலிருந்து தொடங்குவது மரியாதைக்காக மட்டும் அல்ல. நியூயார்க்கிலும் லண்டனிலும் படித்துவிட்டு, உதவித்தொகை ஒப்பந்தப்படி வேலை செய்ய 1917இல் அவர் பரோடா போனார். இந்து விடுதி எதுவும் இடம் தராது என்று அவருக்குத் தெரியும். ஒரு பார்சி விடுதியில், பார்சிப் பெயரைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு தங்கினார். 11ஆம் நாள் தடிகளோடு ஒரு கூட்டம் மாடியேறி வந்தது. அறையைக் காலி செய்யச் சொன்னது. நண்பர்கள் இருவரிடம் தங்க இடம் கேட்டுப் பார்த்தார். இருவரும் நாசூக்காகக் கைவிரித்தார்கள். பொதுப் பூங்கா ஒன்றில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய் திரும்பினார். இதை அவரே எழுதியிருக்கிறார். நம்மில் பலர் படித்திருக்கிறோம். ஆனால் அவர் எங்கே திரும்பினார் என்பதை நாம் கவனிக்கத் தவறுகிறோம். அவர் திரும்பியது பரேலில், ஆலைத் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த ‘சால்’ என்னும் வரிசைக் குடியிருப்புக்கு. கொலம்பியாவில் படித்தவரைப் பரோடா வெளியே தள்ளியது. பரேல் சால் கேள்வி கேட்காமல் உள்ளே எடுத்துக்கொண்டது. பிற்பாடு 1948இல் அரசியல் நிர்ணய அவையில் கிராமத்தைப் பற்றி அவர் அவ்வளவு கடுமையாகப் பேசினார் என்றால், நகரத்தைப் பற்றிய மயக்கத்தில் அல்ல. பரோடாவும் நகரம்தான்.

இப்போது ஒரு கலைஞரிடம் வருவோம். அண்ணாபாவ் சாத்தே.

பெயர் தெரிந்தவர்கள் நம் அரங்கில் சிலர் இருப்பீர்கள். மராட்டியத்தில் அவர் பெயர் தெரியாத சேரி கிடையாது. இன்றைய சாங்லி மாவட்டத்தில் வாட்டேகாவ் என்னும் ஊரில், மாங் சாதியில், 1920 ஆகஸ்ட் 1 அன்று பிறந்தவர். மாங் மக்களுக்கு ஊர் ஒதுக்கிவைத்த வேலைகள் கயிறு திரிப்பதும் ஹல்கி அடிப்பதும். ஹல்கி என்பது கிட்டத்தட்ட நம் பறையேதான். தோலும் வளையமும் இரண்டு குச்சிகளும். ஊர்ச் சாவுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் அடித்தாக வேண்டும். மாங் மக்களைப் பிரிட்டிஷ் அரசு சந்தேகப் பட்டியலில் வைத்துக் காவல் நிலையத்தில் வருகைப் பதிவு போட வைத்தது. அவர் பள்ளிக்கூடத்தில் இருந்தது ஒன்றரை நாள்தான் என்று சொல்வார்கள். 1930களின் தொடக்கத்தில் பிழைப்புத் தேடி அந்தக் குடும்பம் பம்பாய்க்குக் கிளம்பியது. ரயிலுக்குக் காசில்லை. நடந்தே போனார்கள். வழியில் கிடைத்த வேலையைச் செய்து, சாப்பிட்டு, மறுபடி நடந்து, மாதக்கணக்கில் போன பயணம் அது.

பம்பாயில் சுமை தூக்கினார், தெருவில் பொருள் விற்றார், ஆலையில் வேலை செய்தார். கடைப் பலகைகளையும் சினிமா சுவரொட்டிகளையும் பார்த்து எழுத்துக் கூட்டப் பழகினார். இதுவரை இது எல்லா ஏழைகளின் கதை. திருப்பம் இனிமேல் வருகிறது. ஆலை வேலை போனதும் அவர் ஊர் திரும்பினார். அங்கே உறவினர் ஒருவரின் தமாஷா குழுவில் சேர்ந்தார். ஆட்டம், பாட்டு, கேலி, கதை எல்லாம் கலந்த மராட்டியக் கூத்து அது. அதை ஆடியவர்களில் பெரும்பாலோர் மாங், மகார், கோல்ஹாட்டி மக்கள். பார்த்தவர்களில் எல்லாச் சாதியும் உண்டு. ஆடியவருக்குப் பெயர் ஆட்டக்காரன். பார்த்தவருக்குப் பெயர் ரசிகர். இந்தக் கணக்கு நமக்குப் புதிதல்ல.

அந்தக் கலையைக் கையில் எடுத்துக்கொண்டு 1940களில் அவர் இரண்டாம் முறை பம்பாய்க்கு வந்தார். முதல் வருகை வயிற்றுக்காக. இரண்டாவது வருகைதான் நாம் பேச வந்த வருகை. ஊரில் சாதிக் கடமையாக இருந்த ஒன்றை நகரத்தில் வேறொன்றாக மறுபடி தொடங்கும் வருகை.

அவர் தொடங்கிய இடம் மாட்டுங்கா லேபர் கேம்ப். ஆலைக்குப் போகிறவர்கள், மாநகராட்சித் துப்புரவு வேலைக்குப் போகிறவர்கள், எங்கும் போக வேலை கிடைக்காதவர்கள் என்று தலித் மக்கள் அடைந்து கிடந்த குடியிருப்பு. மகாட் போராட்டத்தை ஏற்பாடு செய்தவர்களில் ஒருவரான ஆர்.பி. மோரே பிற்பாடு கம்யூனிஸ்டானவர். அவரைப் போன்றவர்கள் அங்கே வேலை செய்துகொண்டிருந்தார்கள். அண்ணாபாவ் முதலில் பாடிய பவாடா, அதாவது வீரக் கதைப்பாட்டு, லேபர் கேம்ப் கொசுக்களைப் பற்றியது என்பார்கள். சிவாஜி மகாராஜாவின் கோட்டை முற்றுகையைப் பாடும் மெட்டில் கொசுவைப் பாடினால் யார் சிரிப்பார்கள்? கொசுக்கடியில் தூங்காதவர்கள் சிரிப்பார்கள். அவருடைய முதல் ரசிகர்கள் அவர்கள்தான். அவருக்குப் படுக்க இடம் கொடுத்தவர்களும் அவர்களேதான்.

அமர் ஷேக், கவாண்கர் என்னும் இரண்டு பாடகர்களோடு சேர்ந்து 1944இல் லால் பாவ்டா கலாபதக் என்ற குழுவை அவர் அமைத்தார். செங்கொடிக் கலைக்குழு என்று நாம் சொல்லலாம். அந்தக் குழுவில் அவர் செய்த வேலையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். தமாஷாவில் முதலில் ‘கண்’ வரும்; கணபதி வணக்கம். அதைத் தொடர்ந்து ‘கவளண்’. கிருஷ்ணனும் இடைச்சியரும் வழிமறித்துக் கேலி பேசும் பகுதி. ஆடும் பெண்ணைக் காட்சிப் பொருளாக்கும் வேலை அங்கேதான் நடந்தது. அண்ணாபாவ் வணக்கத்தில் கணபதியை எடுத்துவிட்டு மண்ணையும் தியாகிகளையும் உழைப்பவர்களையும் வைத்தார். கவளணைத் தூக்கிவிட்டார். மிச்சமிருந்த கேலியும் பாட்டும் வாதமும் சேட்டுக்கும் சாவ்காருக்கும் எதிராகத் திரும்பின. சாவ்கார் என்றால் வட்டிக்காரர். சுதந்திரத்தையொட்டிய ஆண்டுகளில் பம்பாய் அரசு தமாஷா ஆபாசம் என்று தடை போட்டபோது, இந்தப் புது வடிவம் ‘லோக்நாட்ய’, மக்கள் நாடகம், என்ற பெயரில் மேடையேறியது.

ஊரில் விட்டதை நகரத்தில் அப்படியே தொடர்வதற்குப் பெயர் மறுதொடக்கம் அல்ல என்று நாம் நினைக்கிறோம். வாட்டேகாவில் இருந்திருந்தால் அந்த வணக்கத்தை அவரால் மாற்றியிருக்க முடியாது. பாட்டிலின் வாசலில் ஆடுகிறவன் பாட்டிலின் கடவுளைத்தான் வணங்க வேண்டும். லேபர் கேம்ப்பில் மேடையும் பார்வையாளரும் கூலியும் அவர் ஆட்களிடமிருந்தே வந்தன. அதனால் வணக்கத்தை மாற்ற முடிந்தது.

அவருடைய ‘மாஜி மைனா’ பாட்டை மராட்டிய நண்பர்கள் யாராவது பாடக் கேட்டால் கேளுங்கள். ஊரில் மனைவியை விட்டுவிட்டுப் பம்பாய்க்கு வந்தவனின் ஏக்கம் அது. பிரிவுப் பாட்டு என்று தொடங்கி, பம்பாயின் பணக்காரத் தெருக்களையும் நடைபாதையில் படுப்பவர்களையும் காட்டி, சம்யுக்த மராட்டியப் போராட்டத்தில் மொழிவழி மாநிலத்துக்கு வெளியே விடப்பட்ட பெல்காவ், கார்வார் பகுதிகளின் பிரிவாகவும் அது விரியும். வீட்டுக்காரியை விட்டுவந்த துயரத்தை ஒரு மாநிலத்தின் அரசியலாக்க அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது.

1958இல் பம்பாயில் நடந்த முதல் தலித் இலக்கிய மாநாட்டைத் தொடங்கிவைத்தவர் அவர். 1959இல் வந்த ‘ஃபகிரா’ நாவலை அம்பேத்கரின் எழுதுகோலுக்குச் சமர்ப்பித்தார். பஞ்சத்தில் சாகும் மக்களுக்காகக் கருவூலத்தைக் கொள்ளையிடும் மாங் வீரனின் கதை அது. மராட்டிய அரசின் பரிசும் பெற்றது. 30க்கு மேற்பட்ட நாவல்கள் எழுதினார். சில படமாயின. 1961இல் சோவியத் நாட்டுக்குப் போய்வந்து பயண நூல் எழுதினார். அத்தனைக்கும் பிறகு, காட்கோபரில் சிராக் நகர் குடிசைப் பகுதியில் வாழ்ந்து, 1969 ஜூலை 18 அன்று வறுமையில் இறந்தார். வயது 48. கட்சியும் இயக்கமும் இன்று அவர் எங்கள் ஆள் என்று போட்டி போடுகின்றன. அஞ்சல் தலை வந்துவிட்டது. உயிரோடு இருந்தபோது அவருக்கு வீடு கொடுத்தது குடிசைப் பகுதிதான்.

தமிழர்களாகிய நமக்கு அந்த லேபர் கேம்ப் தூரத்து இடம் அல்ல. அதை ஒட்டியே தாராவி. தாராவித் தோல் பதனிடும் தொழிலில் உழைக்கத் திருநெல்வேலிப் பக்கத்துத் தலித் மக்கள் தலைமுறைகளுக்கு முன்பே போய்ச் சேர்ந்தார்கள். பம்பாய்க்குப் போன நம் சொந்தக்காரர் வீடு என்றால் பெரும்பாலும் அது அந்த வட்டாரம்தான். மராட்டிய தலித் இலக்கியம் பிறந்த சந்தும் நம் சித்தப்பாக்கள் குடியிருந்த சந்தும் ஒரே சாக்கடையின் இரண்டு கரைகள். இதை நம் இலக்கிய வரலாறுகள் கவனித்ததாகத் தெரியவில்லை.

அதே லேபர் கேம்ப்பில் வளர்ந்த இன்னொருவர் பாபுராவ் பாகுல். நாசிக் பக்கம் 1930இல் பிறந்து, சிறுவனாக உறவினர் வீட்டுக்கு அங்கே அனுப்பப்பட்டவர். வேலைக்காக அவர் குஜராத்துக்குப் போக நேர்ந்தது. சூரத்தில் ரயில்வே வேலை கிடைத்தது, அறை கிடைக்கவில்லை. சாதியை மறைத்தால்தான் அறை. அந்த வாழ்க்கையைத் தாங்காமல் வேலையை விட்டுத் திரும்பினார். 1963இல் வந்த அவருடைய முதல் சிறுகதைத் தொகுப்பின் பெயர், ‘நான் சாதியைத் திருடியபோது’ என்று பொருள்படும். தலைப்புக் கதையில் வரும் இளைஞன் புது ஊரில் ரயில்வே வேலையில் சேர்கிறான். சக தொழிலாளி ஒருவன் உயர்சாதிக்காரன் என்று நம்பி அவனை வீட்டில் ஏற்றுக்கொள்கிறான். உண்மை தெரிந்ததும் அடிக்கிறார்கள். காப்பாற்ற வருபவன், சாதியை மறைக்காமலே அங்கு சண்டை போட்டுப் பிழைத்துக்கொண்டிருக்கும் இன்னொரு தலித் தொழிலாளி.

பாகுலின் கதையில் திருட்டு என்ற சொல்லை நாங்கள் பலமுறை மன்றத்தில் விவாதித்திருக்கிறோம். திருடப்பட்டது யாருடைய பொருள்? அவனுடைய பெயரையே அவன் திருட வேண்டியிருக்கிறது. அப்படிக் கிடைத்த அறையில் உட்கார்ந்து எழுத முடியுமா? எழுதினால் அந்த எழுத்தில் அம்மா வருவாளா? சேரி வருமா? வந்தால் வீட்டுக்காரர் படித்துவிடுவார். வேலை தேடிப் போகிறவன் பெயரை மறைத்துக்கொண்டு பத்து மணிநேரம் இயந்திரத்தில் நின்றுவிடலாம்; அதுவும் கொடுமைதான், ஆனால் இயந்திரம் ஓடும். கலை தேடிப் போகிறவனுக்கு மறைத்த பெயரோடு எதுவும் ஓடாது. அவன் எடுத்துப் பேச வேண்டிய பொருளே அவன் ஒளித்து வைத்திருக்கும் பொருள்.

இதை இன்னும் கூர்மையாகக் காட்டுகிறது ஓம்பிரகாஷ் வால்மீகியின் பயணம். உத்தரப் பிரதேசத்தில் முசாபர்நகர் மாவட்டத்துப் பர்லா கிராமம், 1950இல் பிறப்பு, துப்புரவுத் தொழில் திணிக்கப்பட்ட சூஹ்ரா சாதி. டேராடூனில் படைக்கலத் தொழிற்சாலைப் பயிற்சியில் சேர்ந்தார். அங்கிருந்து ஜபல்பூர், அடுத்துப் பம்பாயை அடுத்த அம்பர்நாத், பிறகு சந்திராபூர். நாட்டின் வடக்கிலிருந்து மேற்குக்கு அவரைக் கொண்டுபோனது அரசு வேலை. ஆனால் அம்பர்நாத் விடுதியில் அவருக்குக் கிடைத்தவை வேறு: நூலகம், நாடகம், எல்லாவற்றுக்கும் மேலாக, மராட்டிய தலித் எழுத்து. தயா பவாரையும் நாம்தேவ் தசாலையும் படித்தபோது அவருடைய இந்திக் கவிதை வேறு தடத்தில் மறுபடி தொடங்கியது. இந்தியில் தலித் தன்வரலாற்றுக்கு வழிதிறந்த ‘ஜூட்டன்’ 1997இல் வந்தது. அதன் ஊற்று மராட்டிய மண்ணில் என்று சொன்னால் மிகையில்லை.

அங்கேயும் ஒரு வீடு இருந்தது. ‘வால்மீகி’ என்ற பெயர் வடக்கே சாதியைச் சொல்லும். மராட்டியத்தில் அதைக் கேட்டவர்கள் பார்ப்பனப் பெயர் என்று எடுத்துக்கொண்டார்கள். ஒரு பார்ப்பனக் குடும்பம் அவரை வீட்டுக்கு அழைத்துப் பழகியது. அந்த வீட்டுப் பெண் அவரை விரும்பினாள். அந்த வீட்டில் வேறொரு தலித் விருந்தினருக்குத் தனிக் குவளை வைக்கப்படுவதைக் கண்டார். அந்தப் பெண்ணிடம் தன் சாதியைச் சொன்னார். அவள் முதலில் நம்பவில்லை, அழுதாள், விலகிப்போனாள். ‘ஜூட்டன்’ படித்தவர்களுக்கு இந்தப் பகுதி மறக்காது. பாகுலின் கதாநாயகன் மறைத்தான். வால்மீகி மறைக்கவில்லை, மற்றவர்கள் தாங்களாகவே தப்பாகப் படித்தார்கள். தப்பாகப் படிக்கப்பட்டதால் கிடைத்த அன்பை அவர் வைத்துக்கொள்ளவில்லை. பெயரையும் மாற்றவில்லை. உறவினர்களே மாற்றச் சொல்லியும் மாற்றவில்லை.

பெண்களின் கதை இதே வழியில் போகாது. ஆணுக்கு நகரம் என்பது ஊரை விட்டு வருவது. பெண்ணுக்குப் பெரும்பாலும் அது கணவனோடு வருவது. ரத்னகிரியிலிருந்து ஊர்மிளா பவார் அப்படித்தான் மும்பை வந்தார். அலுவலக வேலை, வீட்டு வேலை, பிள்ளைகள் எல்லாம் முடிந்த பிறகு மிச்சமான நேரத்தில் படித்து எழுதினார். மீனாட்சி மூனோடு சேர்ந்து அவர் 1989இல் கொண்டுவந்த நூல், அம்பேத்கர் இயக்கத்துப் பெண்களைத் தேடிப்போய் அவர்கள் வாயால் பதிவு செய்த வரலாறு. தேடிப்போகாவிட்டால் அந்தப் பெயர்கள் போயிருக்கும். தமாஷாவை எடுத்துக்கொண்டாலும் இதே நிலைதான். பட்டே பாபுராவ் என்ற பார்ப்பனக் கவிஞர் சாதியை உதறித் தமாஷாவுக்கு வந்ததைத் தியாகம் என்று எழுதியவர்கள் பலர். அவர் குழுவைத் தன் ஆட்டத்தால் நிலைநிறுத்திய மகார் பெண் பவளாவைப் பற்றி எழுதியவர்கள் மிகக் குறைவு. அண்ணாபாவ் தமாஷாவை லோக்நாட்ய ஆக்கினார். பவளா போன்ற பெண்களுக்கு அந்தப் பெயர் மாற்றம் கிடைக்கவில்லை.

இனி, படுக்க இடம் கிடைத்தும் மறுபடி தொடங்க இடம் கிடைக்காத ஒருவரைப் பற்றி.

பி.கே. ரோசி. திருவனந்தபுரத்தில் புலையர் சாதியில் பிறந்த ராஜம்மா. காக்காரிசி நாடகத்தில் தேர்ந்தவர். தமிழும் மலையாளமும் கலந்து வரும் கூத்து அது. மலையாளத்தின் முதல் படமான ‘விகதகுமாரன்’ என்ற ஊமைப்படத்தில் ஜே.சி. டேனியல் அவரை நாயகியாக்கினார். வேடம், சரோஜினி என்ற நாயர் பெண். திருவனந்தபுரம் கேபிடல் தியேட்டரில் படம் திரையிடப்பட்டபோது, தொடங்கிவைக்க வந்த பெரிய மனிதர் ரோசி உள்ளே இருந்தால் தான் வரமாட்டேன் என்றார். தான் நடித்த படத்தைப் பார்க்க வந்தவர் வெளியே நிறுத்தப்பட்டார். திரையில் நாயகன் அவர் கூந்தல் பூவை எடுத்து முத்தமிடும் காட்சி வந்ததும் கல் வீச்சு. பிறகு அவர் வீட்டுக்கு நெருப்பு. ஒரு லாரியில் ஏறித் தப்பினார். லாரி நாகர்கோவில் வந்தது. அது அன்று திருவிதாங்கூருக்குள்தான் இருந்தது என்றாலும், வந்து சேர்ந்தது தமிழ் நிலத்தில்தான்.

லாரி ஓட்டிய கேசவப் பிள்ளை அவரை மணந்துகொண்டார். தலைக்கு மேல் கூரை கிடைத்தது. ரோசி அன்றோடு முடிந்தார், ராஜம்மாள் வாழ்ந்தார். தான் நடித்ததைப் பற்றி வெளியே பேசாமலே வாழ்ந்து முடித்தார் என்றுதான் அவரைத் தேடிப்போனவர்கள் எழுதியிருக்கிறார்கள். படச்சுருள் இன்று இல்லை. சந்தேகமில்லாமல் அவருடையது என்று சொல்லத்தக்க ஒரு புகைப்படம்கூட இல்லை.

காலத்தைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். 1931இல் ‘காளிதாஸ்’. தமிழ் பேசும்படம் தொடங்குகிறது. நாடக மேடையில் பாடவும் ஆடவும் தெரிந்த பெண்களைத் தேடித்தேடி சினிமாவுக்கு அழைத்த பத்தாண்டு அது. டி.பி. ராஜலட்சுமி போனார், கே.பி. சுந்தராம்பாள் போனார். அந்த நேரத்தில், தமிழ் தெரிந்த, கேமராவின் முன் நின்று பழகிய, பாடி ஆடத் தெரிந்த ஒரு நடிகை தமிழ் நிலத்தில் ஒரு வீட்டுக்குள் வாய்மூடி உட்கார்ந்திருக்கிறார். திறமைக்கு என்ன குறை? வாய்ப்பு எந்தத் திசையில் இருந்தது? எல்லாம் பக்கத்தில்தான் இருந்தது. இல்லாதது, ‘நான்தான் அந்த ரோசி’ என்று சொல்லிக்கொண்டு அவர் போய் நிற்கக்கூடிய ஒரு திண்ணை. தென்திருவிதாங்கூரில் அவருக்கு ஒரு லேபர் கேம்ப் இல்லை. கிடைத்த வீடு, அவர் யார் என்பதை மறந்தால்தான் வீடு.

டேனியலும் அந்தப் படத்தோடு நொடித்துப்போனார். அவர் நாடார் சமூகத்தவர். மலையாள சினிமா அவரையும் நெடுங்காலம் ஒதுக்கியே வைத்தது. கடைசியில் ஒரு பத்திரிகையாளர் விடாமல் எழுதியதால் அவருக்கு இடம் கிடைத்தது. 1992 முதல் அவர் பெயரில் கேரள அரசு விருது தருகிறது. ரோசிக்கு அதற்கும் பிறகு பல ஆண்டுகள் ஆயின. 2019இல் கேரளத்துத் திரைத்துறைப் பெண்கள் அவர் பெயரில் ஒரு திரைப்படச் சங்கம் தொடங்கினார்கள். சென்னையில் நீலம் பண்பாட்டு மையம் அவர் பெயரில் திரைப்பட விழா நடத்துகிறது. தொண்ணூறு ஆண்டுகள் பிந்தி, சென்னையில் ஓர் அரங்கின் வாசலில் அவர் பெயர் எழுதப்பட்டது. அந்த வாசலில் நின்றபோது எங்களுக்குச் சந்தோஷம் வந்தது, கோபமும் வந்தது.

இதையெல்லாம் பழைய கதை என்று ஒதுக்குகிறவர்கள் வாடகைக்கு வீடு தேடிப் பார்க்கட்டும். தில்லியிலும் அதைச் சுற்றியும் வீட்டு வாடகையில் சாதியும் மதமும் எப்படி வேலை செய்கின்றன என்று சுகதேவ் தோரட்டும் அவர் குழுவினரும் 2015இல் ஆய்வு வெளியிட்டார்கள். தலித் பெயரும் முஸ்லிம் பெயரும் கேட்டதும் வீடு ‘போய்விட்டது’ என்பதும், கிடைத்தாலும் நிபந்தனைகள் ஏறுவதும் அதில் இருக்கின்றன. சென்னையில் எங்கள் பிள்ளைகள் பட்ட கதைகளுக்கு ஆய்வு தேவையில்லை. உதவி இயக்குநராகப் போன நம் மன்றத்துத் தம்பி ஒருவனிடம் வீட்டுக்காரர் கேட்டது: “அசைவம் சமைப்பீங்களா? சொந்த ஊர்ல எந்தத் தெரு?” நம்மூரில் தெருவைச் சொன்னால் சாதியைச் சொன்னது மாதிரி என்று இருவருக்குமே தெரியும். அவன் தெருவைச் சொன்னான். அட்வான்ஸ் திரும்பி வந்தது.

ஐயா முப்பது வருஷம் வைத்திருந்த மாடி அறையைப் பற்றி இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். அது அவருடைய சொந்த அறைகூட இல்லை. வாடகை வீட்டின் மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட இடம். பக்கத்து மாவட்டங்களிலிருந்து வந்த பறைக் கலைஞர்கள், ஓவியக் கல்லூரி மாணவர்கள், வேலையை விட்டுவிட்டு எழுதப்போகிறேன் என்று வந்தவர்கள் என்று எத்தனையோ பேர் அங்கே படுத்திருக்கிறார்கள். ஒரு பாய், ஒரு மின்விசிறி, சாவி பக்கத்து டீக்கடையில். வந்தவரிடம் ஐயா கேட்டது ஒன்றே ஒன்று: எழுதியதைக் காட்டு, அல்லது அடித்துக் காட்டு. வேறு எதையும் கேட்கவில்லை. இங்கே அமர்ந்திருக்கும் பலருடைய முதல் புத்தகத்தின் முன்னுரையில் அந்த மாடி இருக்கிறது. அதை அவருடைய பெருந்தன்மை என்று சொல்லி முடித்துவிட நமக்கு மனமில்லை. பரேல் சால் செய்ததையும் லேபர் கேம்ப் செய்ததையும் அந்த மாடி செய்தது. அதை ஓர் அமைப்பின் வேலை என்று கருதியே அவர் செய்தார். வாடகையை மன்றக் கணக்கில் எழுதிவைத்தார்.

இப்போது தாராவி. அங்கே நடக்கும் மறுசீரமைப்புத் திட்டத்தை நாளிதழ்களில் படித்திருப்பீர்கள். அதானி குழுமமும் மராட்டிய அரசும் சேர்ந்த நிறுவனம் அதைச் செய்கிறது. தகுதிக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்பதை மட்டும் பாருங்கள். 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பவருக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடியில் இலவச வீடு. மேல்தளத்தில் இருப்பவர்களுக்கு அது இல்லை. தாராவிக்கு வெளியே, வாடகை அல்லது தவணை முறையில் வேறு வீடு. தாராவியில் மேல்தளம் என்றால் என்ன என்பது போனவர்களுக்குத் தெரியும். செங்குத்தான இரும்பு ஏணி, தலை இடிக்கும் கூரை, கீழ் வீட்டுக்காரர் வாடகைக்கு விட்டது அல்லது ஊரிலிருந்து வந்த சொந்தக்காரப் பையனுக்குச் சும்மா கொடுத்தது. புதிதாக வருகிறவன் ஏறிப் படுக்கும் இடம் அதுதான். திட்டக் கணக்கில் கழிவது அந்த ஏணிக்கு மேலே இருக்கும் இடம். 350 சதுர அடி அடுக்குமாடி வீட்டில் பரண் கிடையாது.

அந்தத் திட்டத்தை எதிர்ப்பதா ஏற்பதா என்பதில் தாராவித் தமிழர்களிடையே ஒரே கருத்து இல்லை. தலைமுறையாகச் சாக்கடை ஓரம் வாழ்ந்தவர்கள் கழிப்பறையுள்ள வீடு கேட்பதை யாரும் குறை சொல்ல முடியாது, நாங்களும் சொல்லமாட்டோம். ஆனால் ஒரு குடியிருப்பில் எத்தனை வீடுகள் என்று எண்ணுகிறவர்கள், அது ஆண்டுக்கு எத்தனை புதியவர்களை உள்ளே எடுத்துக்கொண்டது என்பதையும் எண்ண வேண்டும் என்று கேட்கிறோம். அந்தக் கணக்குக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

மன்றச் செயற்குழு சென்ற மாதம் எடுத்த முடிவைச் சொல்லி உரையை முடித்துக்கொள்கிறோம். ஐயாவின் மாடி அறையை வீட்டுக்காரர் திரும்பக் கேட்டுவிட்டார், இடித்துக் கட்டப்போகிறார். அதே தெருவில் வேறு இரண்டு அறைகளைப் பார்த்தோம். மன்றத்தின் பெயரைச் சொன்னதும் ஒன்று ‘போய்விட்டது’. இன்னொன்றுக்கு முன்பணம் கொடுத்திருக்கிறோம். இந்த வருடம் மூன்று பேர் வருகிறார்கள்: கூத்துப் பயிற்சிக்கு ஒருவர், மொழிபெயர்ப்பு முடிக்க ஒருவர், பத்து வருடத்துக்கு முன்பு நிறுத்திய ஓவியத்தை மறுபடி தொடங்க ஒரு அக்கா, கைக்குழந்தையோடு. படத்தொகுப்புக் கற்க மும்பை போகும் தம்பிக்குத் தாராவித் தொண்ணூறு அடிச் சாலைப் பக்கம் ஒரு குடும்பம் மேல்தளத்தை ஒதுக்கித் தருகிறது. கணக்கெடுப்பு முடியும் வரை என்று சொல்லியிருக்கிறார்கள்.